வாசிக்கும் உரிமை – 9: முதலில் உடைபடும் கண்ணாடி

மூன்று ஆண்டுகளில் அமெரிக்காவில் வெளியான 5,206 சிறுவர் நூல்களில் 349-இல் மட்டுமே ஒரு கறுப்பின முகமாவது தென்பட்டது என்று நான்சி லாரிக் 1965-இல் கணக்குக் காட்டியதைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்த முகங்கள் எப்படி வரையப்பட்டன என்ற கேள்வியைப் பிறகு முழுமையாக எடுத்துக்கொண்டவர் ருடீன் சிம்ஸ் பிஷப். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். 1965 முதல் 1979 வரை வெளிவந்த, கறுப்பினப் பிள்ளைகளைப் பற்றிய 150 கதைநூல்களை ஆராய்ந்து 1982-இல் ஒரு நூல் எழுதினார். சில கதைகள் வெள்ளையரின் மனச்சாட்சியைத் தட்டுவதற்கென்றே எழுதப்பட்டவை. அவற்றில் கறுப்பினச் சிறுவன் தீர்க்கப்பட வேண்டிய ஒரு பிரச்சினையாக வந்துபோகிறான். வேறு சிலவற்றில் படத்தைப் பார்த்தால்தான் அவன் நிறம் தெரியும்; பேச்சிலோ வீட்டிலோ உறவிலோ அவனுடைய வாழ்க்கையின் சுவடே இல்லை. மூன்றாவது வகையில்தான் அந்த மக்களின் கண்ணும் நாவும் கதையை நடத்தின.

இந்த ஆய்விலிருந்து வளர்ந்ததுதான் 1990-இல் அவர் எழுதிய புகழ்பெற்ற சிறு கட்டுரை. நூல் ஒரு ஜன்னல், வெளிச்சம் வாகாக விழுந்தால் அதுவே முகம் பார்க்கும் கண்ணாடி, கற்பனையில் உள்ளே நுழைய உதவும் நகரும் கதவு என்றார். தன் முகத்தை எந்த நூலிலும் காணாத பிள்ளை, தனக்கு மதிப்பில்லை என்று கற்றுக்கொள்கிறது. தன் முகத்தை மட்டுமே கண்டு வளரும் பிள்ளையும் உலகைத் தவறாகத்தான் கற்கிறது. நூலகங்களுக்கு எதை வாங்குவது என்ற பேச்சில்தான் இந்த உருவகம் அதிகம் எடுத்தாளப்படுகிறது. வாசிப்புச் சுதந்திரத்துக்கும் இதைவிட வலுவான வாதம் இல்லை என்பது என் கருத்து. ஆயிரம் கண்ணாடி உள்ள வீட்டில் ஒன்று உடைந்தால் இழப்பு சிறிது. இரண்டே உள்ள வீட்டில் ஒன்று உடைந்தால் பாதி போயிற்று.

நூல் நீக்கங்களைப் பட்டியல் பட்டியலாகப் பார்த்தால் இது விளங்கும். நியூயார்க் மாநிலத்தின் ஐலண்ட் ட்ரீஸ் பள்ளி வாரிய உறுப்பினர்கள் 1975-இல் ஒரு பெற்றோர் அமைப்பின் கூட்டத்திலிருந்து ஆட்சேபத்துக்குரிய நூல்களின் பட்டியலைக் கொண்டுவந்தனர். தம் பள்ளிகளில் இருந்த 11 நூல்களை மறு ஆண்டு எடுக்கச் சொன்னார்கள். ரிச்சர்ட் ரைட்டின் தன்வரலாறு, எல்ட்ரிட்ஜ் கிளீவரின் சிறைக் கட்டுரைகள், லாங்ஸ்டன் ஹியூஸ் தொகுத்த கறுப்பின எழுத்தாளர்களின் சிறுகதைகள், போதைப்பழக்கத்தில் சிக்கிய 13 வயதுச் சிறுவனைப் பற்றி ஆலிஸ் சில்ட்ரெஸ் எழுதிய இளையோர் நாவல், பியூர்ட்டோ ரிக்கோக் குடும்பத்தில் பிறந்த பிரி தாமஸின் வாழ்க்கைக் கதை என ஐந்து அதில் இருந்தன. நவஹோ பழங்குடி இளைஞனைப் பற்றிய நாவல் ஒன்று; பொய்ப்பழி சுமத்தப்பட்ட ஒரு யூதரைப் பற்றிய, புலிட்சர் பரிசு பெற்ற மாலமுட்டின் நாவல் இன்னொன்று. பதினொன்றில் ஏழு! வாரியம் இனத்தைக் காரணம் காட்டவில்லை. ஆபாசம், தகாத மொழி, நாட்டுக்கும் மதத்துக்கும் விரோதம் என்றே சொன்னது. சொன்ன காரணம் எதுவானாலும், அலமாரியில் அரிதாக இருந்த முகங்களே பெரும்பாலும் வெளியேறின.

பிள்ளை எதைப் படிக்கலாம் என்று முடிவு செய்யப் பெற்றோருக்கு உரிமை இல்லையா என்று கேட்கலாம். உண்டு, தம் பிள்ளைக்கு. அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்து முடிவெடுக்கும்போது அங்கே இருக்கும் பெற்றோரின் உரிமை பறிபோகிறது. கடையில் வாங்கிக்கொள்ளலாமே என்ற பதில், பள்ளி நூலகத்தை மட்டுமே நம்பியிருக்கும் பிள்ளைக்குப் பொருந்தாது. வயதுக்கு ஏற்றதா என்ற கேள்வி நியாயமானது. அதற்கு விடை தேடவே ஐலண்ட் ட்ரீஸில் பெற்றோரும் ஆசிரியர்களும் சேர்ந்த ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் பரிந்துரையைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு ஒன்பது நூல்களை நீக்கியே வைத்தது வாரியம். இன்னொரு ஆட்சேபம் கனமானது: பிஷப்பே பல நூல்களைக் குறை கூறினாரே, அதுவும் ஒரு வகைத் தணிக்கைதானே? இல்லை. குறை சொல்ல நூல் கையில் இருக்க வேண்டும். அவர் பக்கம் பக்கமாகப் படித்து, காரணம் காட்டி, மறுப்புக்கும் இடம் விட்டார். நீக்கப்பட்ட நூலைப் பற்றி அந்தப் பள்ளி மாணவரால் அப்படிப் பேசவே இயலாது.

இந்த நீக்கத்தை எதிர்த்து ஸ்டீவன் பிக்கோ என்ற மாணவரும் நண்பர்களும் தொடுத்த வழக்கில், கருத்துப் பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் பள்ளி நூலகத்திலிருந்து நூல்களை எடுக்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி பிரென்னன் 1982-இல் எழுதினார். 5-க்கு 4 என்று மாணவர் பக்கம் முடிந்தாலும், அவர் கருத்துரைக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. நூல் வாங்கும் முடிவுகளை அந்தத் தீர்ப்பு தொடவுமில்லை. ஒருபோதும் வாங்கப்படாத நூலுக்காக எந்த மாணவரும் நீதிமன்றம் போக முடியாது. அந்த வெற்றிடத்தைக் காட்ட பிஷப் போன்ற ஆய்வாளர்தான் வேண்டும். பிரென்னனின் கருத்துரை தந்த பலவீனமான காவலும் இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. டெக்சஸின் லானோ மாவட்டப் பொது நூலகத்தில் 17 நூல்கள் நீக்கப்பட்ட வழக்கில், தகவல் பெறும் உரிமையைக் காட்டி வாசகர்கள் இதை எதிர்க்க முடியாது என்று ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்தது. கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலின் வரலாற்றை இளையோருக்காக சூசன் கேம்ப்பெல் பார்டொலெட்டி எழுதிய நூலும் அந்தப் பதினேழில் ஒன்று.