“அந்தப் பையன் கடைசியில வந்தானா?” - அக்காவைக் கலங்கவைத்த வீடியோ கேம்!

கூட்டேரிப்பட்டு, சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் இருக்கும் ஊர். மயிலம் முருகன் கோயிலுக்குப் போகிறவர்கள் இங்கே இறங்கித் திரும்புவார்கள். சென்னையில் வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு, சனிக்கிழமை ராத்திரி எந்த பஸ் வந்து நின்றாலும் எட்டிப்பார்க்கத் தோன்றும் ஊர். என் அக்கா வீடு அங்கேதான் இருக்கிறது.

போன மாதம் மயிலம் முருகனைக் கும்பிட்டுவிட்டு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தபோது, உள்ளே மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அக்கா பதறிப்போய் எழுந்தாள். பிளஸ் ஒன் படிக்கும் சின்னவன், அவன் அண்ணனின் பழைய லேப்டாப் முன்னால் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“என்னடா ஆச்சு? ஸ்கூல்ல யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?”

“இல்லம்மா... கேம்தான்.”

“தோத்துட்டியா?”

“தோக்கலம்மா. அந்த அம்மா இவ்ளோ சமைச்சு வெச்சுட்டு உக்காந்திருக்காங்க. பையன் வரல.”

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். ‘விளையாட்டுன்னா சுடுவானுங்க, கார் ஓட்டுவானுங்க. இதுல யாரு சமைக்கிறது?’ என்பதுபோல இருந்தது அவள் முகம்.

“சித்தி, நீங்களும் வாங்க. முதல்லேருந்து போடறேன்” என்றான். ஒன்றரை மணி நேரம் மூன்று பேரும் அந்தச் சின்னத் திரை முன்னால் உட்கார்ந்திருந்தோம்.

தமிழ் அம்மாவின் கதை

அந்த விளையாட்டின் பெயர் ‘வெண்பா’. கனடாவின் டொரன்டோ நகரில் இயங்கும் ‘விசை கேம்ஸ்’ என்ற சிறிய நிறுவனம் உருவாக்கி, 2023 ஜூலை 31 அன்று வெளியிட்டது. அபி என்ற தமிழர்தான் இதன் பின்னால் இருப்பவர். 1988-ல் கதை தொடங்குகிறது. தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குப் போன வெண்பாவும் அவள் கணவன் பாவலனும், ஊருக்கே திரும்பிவிடலாமா என்று யோசிக்கும் நேரத்தில், வெண்பா தாயாகப் போவது தெரியவருகிறது. பிறக்கும் மகன் கவின் அந்த நாட்டுப் பிள்ளையாக வளர்கிறான். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வருகிறது. அம்மா செய்யும் பலகாரத்தைவிட நண்பர்கள் சாப்பிடுவது பிடிக்கிறது. வருடங்கள் ஓட ஓட, ஒரே வீட்டுக்குள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கடல் வந்துவிடுகிறது.

இதில் சுடுவதற்கு யாரும் இல்லை. ஆட்டக்காரர் செய்ய வேண்டியது சமையல்தான். வெண்பாவின் அம்மா எழுதிக் கொடுத்த பழைய சமையல் குறிப்பு நோட்டு கிழிந்து, எழுத்து அழிந்து கிடக்கிறது. விட்டுப்போன வரியை யோசித்துக் கண்டுபிடித்து இட்லி ஊற்ற வேண்டும், புட்டு அவிக்க வேண்டும், பிரியாணி செய்ய வேண்டும். பின்னணியில் ரேடியோ பாடுகிறது. அந்தந்தக் காலத்துத் தமிழ் சினிமாப் பாட்டு மாதிரியே இதற்காகப் புதிதாகப் போட்ட பாட்டுகள்.

முதல் கட்டமே இட்லி. சின்னவன் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அக்கா தன்னை மறந்து திரையைத் தொட்டுவிட்டாள். “டேய், தட்டைத் திருப்பி வைடா! குழிக்கு மேல குழி வந்தா மேல ஆவி எப்படிப் போகும்? கீழ இருக்கிற இட்லியும் நசுங்கும்.”

அவன் திருப்பி வைத்தான். இட்லி வெந்தது. “இதுக்கு நான் அன்னிக்கு கால் மணி நேரம் யோசிச்சேன்மா!” என்றான். அவன் விளையாடும் ஒன்றில் அவனைவிட அம்மாவுக்கு அதிகம் தெரிந்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

பிறகு அந்தக் கட்டம் வந்தது. வெளியூரில் இருக்கும் மகன் வீட்டுக்கு வரப்போகிறான் என்று வெண்பா ஒன்றன்பின் ஒன்றாகச் சமைக்கிறாள். வெட்டுவது, தாளிப்பது, கிளறுவது எல்லாம் நம் கையால்தான். மேசை நிறைகிறது. மகன் வரவில்லை.

அக்கா எதுவும் பேசவில்லை. அவளுடைய பெரியவன் சென்னையில் ஐ.டி கம்பெனியில் இருக்கிறான். “சனிக்கிழமை வரேம்மா” என்பான். மீன் வாங்கிக் குழம்பு வைத்த பிறகு, “வேலை வந்துடுச்சும்மா, அடுத்த வாரம்” என்று போன் வரும். குழம்பு ஃபிரிட்ஜுக்குள் போகும். இது எனக்கும் தெரியும், சின்னவனுக்கும் தெரியும். அவன் எதற்காக அழுதான் என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

சினிமா பார்த்து அழுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

சினிமாவில் ஹீரோயின் சமைத்துக் காத்திருந்தால் நாம் பரிதாபப்படுகிறோம். விளையாட்டில் சமைத்ததே நாம்தான். அந்த ஏமாற்றம் வேறு ஒருவருடையது இல்லை, நம் கையில் ஏறிய சூட்டோடு வந்த ஏமாற்றம். கதை சொல்லும் மற்ற கலைகளில் கிடைக்காத ஓர் உணர்ச்சியும் இதில் உண்டு: குற்ற உணர்வு. ‘நான் வேறு மாதிரி செய்திருக்கலாமோ’ என்று ஒரு சினிமா முடிந்து யாரும் நினைப்பதில்லை. விளையாட்டு முடிந்தவர்கள் நினைக்கிறார்கள்.

2013-ல் வந்த ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ இதை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தது. தொடக்கத்தில் நாம் ஒரு சிறுமியாக இருந்து வீட்டுக்குள் நடக்கிறோம், அப்பாவைத் தேடுகிறோம். கொஞ்ச நேரத்திலேயே அந்தச் சிறுமி அப்பாவின் மடியில் உயிரை விடுகிறாள். நாமாகவே இருந்த ஒருத்தி இல்லாமல் போகும் அதிர்ச்சி அது. இது பெரியவர்களுக்கான விளையாட்டு, பிள்ளைகளுக்கு இல்லை.

போலந்து நாட்டில் 2014-ல் வந்த ‘திஸ் வார் ஆஃப் மைன்’, போரைச் சிப்பாயின் கண்ணால் காட்டாமல், குண்டு விழும் நகரத்தில் மாட்டிக்கொண்ட சாதாரண ஜனங்களின் கண்ணால் காட்டியது. 1990-களில் சரயேவோ நகரம் முற்றுகையில் சிக்கிய வரலாறுதான் அதற்குத் தூண்டுதல். நம் வீட்டில் ஒருவருக்கு மருந்து வேண்டும். பக்கத்து வீட்டில் வயதான ஒரு தம்பதியிடம் இருக்கிறது. எடுப்பதா, விடுவதா? எடுத்தால் நம் ஆள் பிழைப்பார். ஆனால், எடுத்த கதாபாத்திரம் அன்று முழுக்க மனசு உடைந்து உட்கார்ந்துவிடும். உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான பரிந்துரைப் பட்டியலில் இந்த விளையாட்டைச் சேர்ப்பதாக 2020-ல் போலந்து அரசு அறிவித்தது.

நம் நாட்டிலும் இப்படி ஒரு முயற்சி உண்டு. கொல்கத்தாவைச் சேர்ந்த கலைஞர் லீனா கேஜ்ரிவால், பெண் குழந்தைகள் கடத்தப்படுவதைப் பற்றிய விழிப்புணர்வுக்காக 2016-ல் ‘மிஸ்ஸிங்’ என்ற மொபைல் விளையாட்டைக் கொண்டுவந்தார். ஆட்டக்காரரே கடத்தப்பட்ட பெண்ணாகி, தப்பிக்கும் வழியைத் தேட வேண்டும். ஒவ்வொரு முடிவும் நம்முடையது. தப்பான முடிவின் வலியும் நம்முடையது.

நிற்காத அழுகை

இதில் மனதை உலுக்கும் கதை ஒன்று அமெரிக்காவில் நடந்தது. ரயன் கிரீன், ஏமி கிரீன் தம்பதியின் மகன் ஜோயலுக்கு ஒரு வயதிலேயே மூளையில் புற்றுநோய் என்று தெரிந்தது. அவன் உயிரோடு போராடிக்கொண்டிருந்தபோதே, அந்த நாள்களை ஒரு விளையாட்டாக உருவாக்கத் தொடங்கினார்கள். 2014 மார்ச்சில், ஐந்து வயதில், ஜோயல் இறந்துவிட்டான். 2016 ஜனவரியில் ‘தட் டிராகன், கேன்சர்’ வெளிவந்தது.

அதில் ஒரு கட்டம். ஆஸ்பத்திரி அறை. குழந்தை அழுகிறது. தூக்கி வைத்துக்கொண்டு நடக்கலாம், குடிக்கக் கொடுக்கலாம், தட்டிக் கொடுக்கலாம். எதைச் செய்தாலும் அழுகை நிற்காது. எந்த பட்டனும் வேலை செய்யாத அந்தத் தவிப்புதான் அந்தக் கட்டமே. கடைசியில் அப்பா பிரார்த்தனை செய்யும்போதுதான் அமைதி வருகிறது. நோயாளிப் பிள்ளையோடு ஒரு ராத்திரி கண்விழித்த எந்தப் பெற்றோருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. அந்த விளையாட்டின் ஆஸ்பத்திரிக் காட்சி ஒன்றில், புற்றுநோயால் தங்கள் உறவுகளை இழந்த பலர் எழுதி அனுப்பிய வாழ்த்து அட்டைகளும் வைக்கப்பட்டிருக்கின்றன.

பெற்றோருக்குத் தெரியாத நண்பர்கள்

இன்னொரு கதை நார்வேயில். மாட்ஸ் ஸ்டீன் என்ற இளைஞருக்குப் பிறவியிலேயே தசைச் சிதைவு நோய். சக்கர நாற்காலியில்தான் வாழ்க்கை. நாள் முழுக்க ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ என்ற ஆன்லைன் விளையாட்டில் ‘இபெலின்’ என்ற பெயரில் இருப்பார். ‘ஐயோ, என் பிள்ளைக்கு நட்பும் இல்லை, காதலும் இல்லை, யாருக்கும் உதவியாக இருந்ததும் இல்லை’ என்று பெற்றோர் மருகினார்கள். 2014 நவம்பரில், 25 வயதில், மாட்ஸ் இறந்தார்.

மகனின் வலைப்பூவில் அந்தச் செய்தியை அப்பா எழுதிவைத்தார். பிறகு மெயில்கள் வரத் தொடங்கின. பல நாடுகளிலிருந்து முன்பின் தெரியாதவர்கள் எழுதினார்கள். ‘என் மனக்கஷ்டத்தைக் கேட்டவர் அவர்’, ‘என் மகனோடு நான் பேசவே அவர்தான் வழி சொன்னார்’. ஒரு தோழியிடமிருந்து அவள் பெற்றோர் கம்ப்யூட்டரை வாங்கி வைத்துக்கொண்டபோது, அவர்களுக்கே கடிதம் எழுதியிருக்கிறார் மாட்ஸ். இறுதிச் சடங்குக்கு விளையாட்டு நண்பர்கள் வெளிநாடுகளிலிருந்து வந்து நின்றார்கள். மகனுக்கு எத்தனை பேர் இருந்தார்கள் என்று பெற்றோருக்குத் தெரிந்தது, அவர் போன பிறகுதான். இந்தக் கதை 2024-ல் ஆவணப்படமாகவும் வந்தது.

அவர்கள் நல்ல பெற்றோர். பார்த்துக்கொண்டார்கள், கூடவே இருந்தார்கள். திரைக்குள் என்ன நடக்கிறது என்பது மட்டும் தெரியாமல் போயிற்று. நம் வீடுகளிலும் இதுதானே நிலைமை?

பயமும் நியாயம்தான்

எல்லா விளையாட்டும் ‘வெண்பா’ கிடையாது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் சூதாட்டத்தால் தமிழ்நாட்டில் குடும்பங்கள் சீரழிந்ததைப் பார்த்தோம். 2022-ல் மாநில அரசு அதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் மத்தியச் சட்டம் 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

பணம் இல்லாத விளையாட்டிலும் அடிமைத்தனம் உண்டு. உலக சுகாதார நிறுவனம் இதை ஒரு நோயாகவே வகைப்படுத்தியிருக்கிறது. 2022 ஜனவரியிலிருந்து அந்த வகைப்பாடு நடைமுறையில் இருக்கிறது. நிறுத்த நினைத்தாலும் முடியாமல் போவது, சாப்பாடு, தூக்கம், படிப்பு எல்லாவற்றையும்விட விளையாட்டே முக்கியமாகிவிடுவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது - இவை சாதாரணமாக ஒரு வருட அளவுக்கு நீடித்தால் அது கவனிக்க வேண்டிய நிலை. அப்போது மனநல மருத்துவரைப் பார்ப்பதில் தயக்கம் வேண்டாம்.

ஆனால், ஒரு விளையாட்டு பிள்ளையை அழவைத்துவிட்டது என்பதற்காகவே பயப்பட வேண்டியதில்லை. ஒரு நல்ல கதை படித்து அழுதால் நாம் புத்தகத்தைப் பிடுங்குவதில்லையே. கவனிக்க வேண்டியது, விளையாட்டு முடிந்த பிறகு பிள்ளை எப்படி இருக்கிறான் என்பதைத்தான். பேசுகிறானா, பசிக்கிறது என்கிறானா, தூங்குகிறானா? அழுகைக்குப் பிறகு மனசு லேசானால் அது கதையின் வேலை. எரிச்சலும் கோபமும் மட்டுமே மிச்சமிருந்தால் அதை விசாரிக்க வேண்டும்.

விசாரிப்பதற்குச் சுலபமான வழி ஒன்று உண்டு. ‘எப்போ பார்த்தாலும் கேமா?’ என்பதற்குப் பதிலாக, ‘இது என்ன கதை?’ என்று கேட்டுப் பாருங்கள். பக்கத்தில் அரை மணி நேரம் உட்காருங்கள். எந்த வயதினருக்கானது என்ற குறிப்பும் அப்போது கண்ணில் படும். விளையாட்டு புரிகிறதோ இல்லையோ, பிள்ளை கொஞ்சம் புரிவான்.

கடைசியில்...

‘வெண்பா’ விளையாட்டு, 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டாகத் தேர்வானது. அதே ஆண்டு தனித்த படைப்பாளிகளுக்கான சர்வதேச விழாவில் முதல் பரிசையும் வென்றது. இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்று உலகம் முழுக்க எத்தனையோ பேர் யோசித்திருக்கிறார்கள்!

அக்காவுக்கு இந்த விருதெல்லாம் முக்கியமாகப் படவில்லை. அந்த மேசைக் காட்சிக்குப் பிறகு மாட்டுக்குத் தண்ணீர் காட்ட எழுந்து போனவள், திரும்பி வந்ததும் கேட்டாள். “அந்தப் பையன் கடைசியில வந்தானா?”

“வந்தாம்மா. அப்பா செத்துப்போயிட்டாரு. அம்மா இந்தியாவுக்கே வந்துட்டாங்க. அவன் தேடிக்கிட்டு வரான். நாமளே அவனா மாறி சமைக்கணும். பாட்டி நோட்டுல இருக்கிற தமிழ் அவனுக்குச் சரியா படிக்க வரல. தடுமாறித் தடுமாறி செய்வான்.”

“செஞ்சானே, அது போதும்” என்றாள் அக்கா. அரிசி ஊறப் போட உள்ளே போய்விட்டாள்.

சின்னவன் போனை எடுத்து அண்ணனுக்கு ஏதோ தட்டினான். எட்டிப் பார்த்தேன். விளையாட்டின் பெயரை மட்டும் அனுப்பியிருந்தான். கூடவே ஒரு வரி: ‘இதை விளையாடிட்டு அம்மாவுக்கு போன் பண்ணு.’

அடுத்த சனிக்கிழமை ராத்திரி அக்காவுக்கு போன் செய்தேன். “அப்புறம் பேசறேன்டி, தோசைக்கல்லு காயுது” என்று வைத்துவிட்டாள். பின்னால் பெரியவனின் குரல் கேட்டது.