மலிவுத் தேயிலையை ஏன் கடலில் கொட்டினார்கள்?

டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். கதை கொஞ்சம் நீளம். அமெரிக்கா பிரிட்டனிடமிருந்து எப்படி விடுதலை பெற்றது என்று கேட்டால், பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் வீசினார்களே, அதுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். வரி ஏறியது, விலை கூடியது, ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள் என்று பள்ளியில் படித்ததாக ஒரு ஞாபகம். உண்மையில் 1773ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேயிலை விலை குறைந்தது. கடத்தலில் வந்த டச்சுத் தேயிலையோடு போட்டி போடும் அளவுக்குக் குறைந்தது. அந்த மலிவுச் சரக்கைத்தான் கொட்டினார்கள். இந்த ஒரு முடிச்சை அவிழ்த்துவிட்டால் மீதிக் கதை தானாக விளங்கிவிடும்.

பத்து வருஷம் பின்னால் போவோம். பிரிட்டனும் பிரான்ஸும் மோதிய ஏழாண்டுப் போர் 1763இல் முடிந்தது. நம் வந்தவாசிச் சண்டைகூட அந்தப் போரின் ஒரு துண்டுதான். பிரான்ஸிடமிருந்து கனடா பிரிட்டன் கைக்கு வந்தது. கூடவே பெருங்கடனும் வந்தது. பிரிட்டனின் தேசியக் கடன் ஏறக்குறைய இரு மடங்காகி 13 கோடி பவுண்டை நெருங்கிவிட்டது. அமெரிக்க எல்லையில் நிறுத்திய படைக்கும் செலவு ஓடிக்கொண்டிருந்தது. ‘உங்கள் பாதுகாப்புக்குத்தானே சண்டை போட்டோம், நீங்களும் கொஞ்சம் கொடுங்கள்’ என்றது லண்டன். பங்காளிகள் யாரையும் கேட்காமல் பெரியப்பா வழக்கு நடத்தி ஜெயித்துவிட்டு, வக்கீல் ஃபீஸை எல்லார் வீட்டுக்கும் பிரித்து அனுப்பினால் எப்படி இருக்கும்? கேட்டதில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கேட்ட விதத்தில்தான் வினை.

1765இல் அமெரிக்கக் காலனிகளுக்கு முத்திரை வரி வந்தது. பத்திரம், உரிமம், செய்தித்தாள், சீட்டுக்கட்டு வரை எல்லாவற்றுக்கும் வரி கட்டிய முத்திரைத்தாள் வேண்டும். ஸ்டாம்ப் பேப்பர் வாங்க வரிசையில் நின்ற நமக்கு இது புரியாமல் போகாது. இங்கிலாந்தில் இருந்தவர்கள் இதே மாதிரி வரியைப் பல காலமாகக் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். சொல்லப்போனால் காலனிக்காரர்களைவிட அதிகமாகவே கட்டினார்கள். ஆனால் காலனிகளின் வாதம் தொகையைப் பற்றியது அல்ல. 13 காலனிகளுக்கும் தனித்தனிச் சட்டமன்றம் இருந்தது. உள்ளூர் வரியை உள்ளூர் பிரதிநிதிகள்தான் போட்டுவந்தார்கள். லண்டன் நாடாளுமன்றத்திலோ அவர்களுக்கு ஒரு உறுப்பினர்கூட இல்லை. நாங்கள் அனுப்பாத ஆட்கள் எங்கள் மடியில் எப்படிக் கைவைக்கலாம் என்பதுதான் கேள்வி. ‘மான்செஸ்டருக்கும் பர்மிங்காமுக்கும்கூடத்தான் உறுப்பினர் இல்லை, அவர்கள் கட்டவில்லையா?’ என்று லண்டன் பதில் சொன்னது. ஒரு அநியாயத்துக்கு இன்னொரு அநியாயத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்ட கதை அது.

எதிர்ப்பு வலுக்கவே அடுத்த ஆண்டே அந்த வரி ரத்தானது. ஆனால் காலனிகள் மீது எந்தச் சட்டமும் போட எங்களுக்கு அதிகாரம் உண்டு என்று கூடவே ஒரு சட்டத்தையும் நிறைவேற்றிவைத்தார்கள். 1767இல் கண்ணாடி, காகிதம், பெயின்ட், ஈயம், தேயிலை என்று மறுபடி வரி. மறுபடி புறக்கணிப்பு. 1770 மார்ச்சில் பாஸ்டன் தெருவில் சிப்பாய்கள் சுட்டு ஐந்து பேர் இறந்தார்கள். (அந்தச் சிப்பாய்களுக்காகக் கோர்ட்டில் வாதாடியவர் ஜான் ஆடம்ஸ். பின்னாளில் அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதி ஆனவரேதான்.) அந்த ஆண்டே மற்ற வரிகளையெல்லாம் நீக்கினார்கள். தேயிலைக்கு மட்டும் ஒரு பவுண்டு எடைக்கு மூன்று பென்ஸை விட்டுவைத்தார்கள். வருமானத்துக்காக அல்ல, அதிகாரம் எங்களுடையது என்று காட்டிக்கொள்ள.

இந்த இடத்தில்தான் நமக்கு நன்கு பழக்கமான ஒரு பெயர் உள்ளே வருகிறது: கிழக்கிந்திய கம்பெனி. வங்காளத்தில் 1770இல் கொடும் பஞ்சம். கம்பெனியின் கஜானா ஆட்டம் கண்டது. 1772இல் அரசாங்கத்திடம் கடன் கேட்டு நின்றது. லண்டன் கிடங்குகளில் விற்காத தேயிலை மலைபோல் கிடந்தது. அது அஸ்ஸாமுமல்ல, நீலகிரியுமல்ல. எல்லாம் சீனச் சரக்கு. நம் நாட்டில் தேயிலைத் தோட்டம் வர இன்னும் பல பத்தாண்டுகள் இருந்தன.

பிரதமர் நார்த் பிரபு ஒரு வழி கண்டுபிடித்தார். அதுதான் அந்த 1773 சட்டம். இங்கிலாந்தில் கட்டிய வரி கம்பெனிக்குத் திரும்பக் கிடைக்கும்; ஏலம், இடைத்தரகு இல்லாமல் அமெரிக்காவுக்கே நேராக அனுப்பி, தான் பொறுக்கிய ஏஜென்ட் மூலம் விற்கலாம். அந்த மூன்று பென்ஸையும் எடுத்துவிடுங்கள் என்று நாடாளுமன்றத்தில் சொல்லிப் பார்த்தார்கள். நார்த் கேட்கவில்லை. பிரிட்டன் ஒரு கண்டத்தையே இழந்தது அந்தப் பிடிவாதத்தால் என்பேன்.

பாஸ்டனில் ஏஜென்ட் ஆனவர்களில் இருவர் ஆளுநர் ஹட்சின்சனின் மகன்கள். உள்ளூர் வியாபாரிகளுக்கு வயிற்றெரிச்சல், கடத்தல்காரர்களுக்குப் பிழைப்பில் மண். தியாகிகள் பட்டியலில் இவர்களும் கலந்திருந்தார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு வேறு பயம். மலிவு என்று வாங்கிக் குடித்தால் மூன்று பென்ஸையும் சேர்த்து விழுங்கியதாகிவிடும். நாளைக்கு எதற்கும் வரி போடலாம்.

நியூயார்க்கும் பிலடெல்பியாவும் கப்பலைத் திருப்பி அனுப்பின. பாஸ்டனில் ஆளுநர் கப்பலை வெளியே விடவில்லை. ‘டார்ட்மவுத்’ என்ற கப்பல் நவம்பர் 28 அன்று வந்தது. இருபது நாளுக்குள் வரி கட்டாவிட்டால் சுங்க அதிகாரிகள் சரக்கைப் பறிமுதல் செய்து இறக்கிவிடலாம். கெடு முடிய ஒரு நாள் இருக்க, டிசம்பர் 16 இரவு, மோஹாக் பழங்குடியினர்போல் வேஷம் கட்டியவர்கள் மூன்று கப்பல்களில் ஏறி 342 பெட்டிகளை உடைத்துக் கொட்டினார்கள். எடை 92,000 பவுண்டுக்கு மேல், ஏறக்குறைய 42 டன்.

லண்டன் கொடுத்த பதிலடி அளவு மீறியது. நட்டத்தைக் கட்டும்வரை துறைமுகத்துக்குப் பூட்டு. மாசசூசெட்ஸின் தன்னாட்சி உரிமைக்கு வெட்டு. ஒன்றையொன்று சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்த காலனிகள் இதனால் ஒன்றுசேர்ந்தன. 1774 செப்டம்பரில் 12 காலனிகளின் பிரதிநிதிகள் பிலடெல்பியாவில் கூடினார்கள். ஜார்ஜியா மட்டும் வரவில்லை. 1775 ஏப்ரல் 19 அன்று, ஆயுதக் கிடங்கைக் கைப்பற்றக் கிளம்பிய பிரிட்டிஷ் படை லெக்சிங்டனில் ஊர்க்காவலரோடு மோதியது. அதற்குப் பிறகும் ராஜாவுக்குச் சமாதான மனு அனுப்பிப் பார்த்தார்கள். ஜார்ஜ் அரசர் அதை ஏற்கவில்லை. 1776 ஜனவரியில் தாமஸ் பெயின் எழுதிய சிறுநூல், அரசரே வேண்டாம் என்ற பேச்சைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. ஜூலை 4இல் விடுதலைப் பிரகடனம்.

போர்க்களத்தில் அமெரிக்கத் தளபதி வாஷிங்டன் வென்றதைவிடத் தோற்றதுதான் அதிகம். அவருடைய சாதனை படையைக் கலையாமல் வைத்திருந்தது. 1777–78 குளிர்காலத்தில் வேலி ஃபோர்ஜ் முகாமில் நோயிலேயே சுமார் 2,000 பேர் செத்தார்கள். அம்மை பரவாமலிருக்கப் படைக்கு அம்மை குத்தவும் வைத்தார். பிரிட்டனுக்கோ ஆணை போய்ச் சேரவே வாரக்கணக்கில் கடல் தாண்டவேண்டும். ஊரைப் பிடிக்கலாம், நாட்டைப் பிடித்துவைக்க ஆள் போதாது. 1777 அக்டோபரில் சரடோகாவில் ஒரு பிரிட்டிஷ் படை முழுதாகச் சரணடைந்ததும் பழைய பகையைத் தீர்க்க வழிபார்த்திருந்த பிரான்ஸ் அமெரிக்காவோடு உடன்படிக்கை செய்துகொண்டது. 1781 அக்டோபர் 19 அன்று யார்க்டவுனில் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் சரணடைந்ததற்கு, கடல்வழியை அடைத்து நின்ற பிரெஞ்சுக் கப்பற்படையே பெரிய காரணம். அமெரிக்கர்கள் இதை அவ்வளவு உரக்கச் சொல்வதில்லை.

இந்த விடுதலை எல்லாருக்கும் கிடைத்துவிடவில்லை. எல்லாரும் சமம் என்று பிரகடனம் எழுதிய ஜெஃபர்சன் அடிமைகளை வைத்திருந்தவர். எங்கள் பக்கம் ஓடிவந்தால் விடுதலை என்று 1775இல் கிளர்ச்சிக்காரர்களின் அடிமைகளுக்கு அறிவித்தவர் வர்ஜீனியாவின் பிரிட்டிஷ் ஆளுநர் டன்மோர். அதுவும் கருணையால் அல்ல, படைக்கு ஆள் தேடி. சட்டப்படி அமெரிக்க அடிமைமுறை ஒழிய 1865 ஆகிவிட்டது.

பிரான்ஸ் உள்ளே நுழைந்ததும் சண்டை உலகெங்கும் பரவி நம் கரைக்கும் வந்தது. 1778இல் பாண்டிச்சேரியை ஆங்கிலேயர் பிடித்தார்கள். ஹைதர் அலியும் பிரெஞ்சுக்காரரும் கைகோத்தார்கள். யார்க்டவுன் முடிந்து ஒன்றரை வருஷத்துக்கு மேலாகியும், 1783 ஜூனில் கடலூரை ஆங்கிலப் படை முற்றுகையிட்டிருந்தது. கடலில் சுஃப்ரென் தலைமையில் பிரெஞ்சுக் கப்பல்கள் மோதின. ஐரோப்பாவில் சமாதானம் ஆகிவிட்டது என்ற சேதி அந்த மாதக் கடைசியில் வந்த பிறகே துப்பாக்கி ஓய்ந்தது. யார்க்டவுனில் தோற்ற அதே கார்ன்வாலிஸ்தான் 1786இல் இங்கே கவர்னர் ஜெனரலாக வந்து, 1792இல் ஹைதரின் மகன் திப்புவின் பாதி நாட்டைப் பறித்தார். சேலமும் திண்டுக்கல்லும் கம்பெனி கைக்குப் போனது அப்போதுதான்.

அமெரிக்க விடுதலைப் போரின் கடைசிச் சண்டை நடந்த இடமாக வரலாற்றாசிரியர்கள் பலர் சொல்வது கடலூரைத்தான். கடலூர்ப் பள்ளிகளிலாவது பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள்.