குஞ்சைத் தூக்கும் கீரி: பகையா, காவலா?

சாளைக்குப் பக்கத்தில் நாலு நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி: “பட்டப்பகலில் கீரி குஞ்சைத் தூக்குகிறது. மருந்து வைக்கலாமா?”

வைக்கக் கூடாது. அதற்கு முன், திருடன் கீரிதானா என்று பாருங்கள். கீரி பகலில் இரை தேடும். பொழுது சாய்ந்தால் வளைக்குள் போய்விடும். ராத்திரியில் கோழி காணாமல் போனால் பெரும்பாலும் காட்டுப்பூனை அல்லது மரநாய் வேலைதான். பழி மட்டும் கீரிக்கு!

கிளுவை வேலியும் கரையான் புற்றும் உள்ள கொறங்காட்டில் கீரிக்கு இரை ஏராளம். எலி, ஓணான், வெட்டுக்கிளி, முட்டை எதையும் விடாது. பாம்பு கடித்தால் மூலிகையில் புரண்டு விஷத்தை முறிக்கும் என்பது ஊர்க்கதை. உண்மை வேறு. நல்லபாம்பின் நரம்பு விஷம் ஒட்டிக்கொள்ள முடியாதபடி அதன் தசையின் அமைப்பே மாறியிருக்கிறது. ஆனாலும் விஷம் அளவுக்கு மீறி ஏறினால் கீரியும் சாகும். வேகமும் சிலிர்த்த முடியும்தான் முதல் கவசம்.

பூனை குறுக்கே போனால் தயங்கும் நம்மவர்கள், கீரி போனால் நல்ல சகுனம் என்பார்கள். பழைய கிரேக்கத்தில் நேர் எதிர். அங்கே எலி பிடிக்கும் வீசல் என்ற சிறு பிராணி குறுக்கே ஓடினால், சகுனம் பார்ப்பவர் நடையை நிறுத்திவிடுவார். வீசல் நீர்நாய்க்குச் சொந்தம். கீரியின் இனம் வேறு.

குழந்தையைக் காத்த கீரியை, வாயில் ரத்தம் பார்த்து அவசரப்பட்டுக் கொன்ற தாயின் கதை நம் பாட்டிமார் எல்லோரும் சொன்னது. சிலப்பதிகாரத்திலும் வருகிறது. அந்தப் பாவம் தீரப் பொருள் கொடுத்து, பிரிந்த கணவனோடு அவளைச் சேர்த்துவைத்தவன் கோவலன்.

அதற்காகக் கீரியைத் தெய்வமாக்கவும் வேண்டாம். 1872இல் கரும்புத் தோட்ட எலியை ஒழிக்க இந்தியாவிலிருந்து ஜமைக்காவுக்குச் சின்னக் கீரிகளைக் கொண்டுபோனார்கள். அவை பெருகி, அந்தத் தீவின் பறவைகளையும் ஊர்வனவற்றையும் தின்றன. இங்கே அதன் எண்ணிக்கையைப் பார்த்துக்கொள்ள நரியும் கழுகும் உண்டு; அங்கே இல்லை.

2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வனவிலங்குச் சட்டத் திருத்தம் கீரியை முதல் அட்டவணையில் வைத்திருக்கிறது. கொன்றாலும் பிடித்தாலும் குறைந்தது 3 வருடச் சிறை, 25,000 ரூபாய் அபராதம். கீரி முடியில் செய்த தூரிகை விற்பதும் குற்றமே.

குஞ்சைக் காக்க வழி சுலபம். முதல் சில வாரம் பஞ்சாரத்தில் கவிழ்த்து வையுங்கள், மேலே கல் வையுங்கள். கூண்டுக்கு அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை போட்டு, அடியை ஒரு அடி ஆழம் மண்ணில் புதையுங்கள். கீரி தோண்டி நுழையும். முட்டையைத் தினமும் எடுத்துவிடுங்கள்.