பதற்றம் போகணும், தூக்கம் வரக் கூடாது: அப்படி ஒரு மாத்திரை ஏன் இன்னும் வரல?

இன்டர்வியூவுக்கு முந்தைய நாள் வரும் படபடப்பு எல்லோருக்கும் உண்டு. ஆனால் மாதக்கணக்கில் மனசு பதறி, தூக்கம் கெட்டு, அன்றாட வேலையும் கெட்டால் அது சிகிச்சை தேவைப்படும் பதற்ற நோய். இதற்குத் தரப்படும் மருந்துகளில் வேகமாக வேலை செய்வது அல்பிரசோலம், டயசிபாம் போன்ற பென்சோடயசிபின் வகை. ஆனால் பதற்றம் இறங்கும்போதே தூக்கக் கலக்கம், மறதி, தள்ளாட்டம் எல்லாம் சேர்ந்து வரும். தொடர்ந்து போட்டால் உடம்பு பழகிடும், விடுவது கஷ்டம்.

பதற்றத்தை மட்டும் குறைக்கிற மாத்திரை சாத்தியமா?

இது எப்படி வந்தது?

1957-ல் அமெரிக்காவின் நியூஜெர்சியில், ஹாஃப்மன் லா ரோஷ் நிறுவன ஆய்வகத்தைச் சுத்தம் செய்தபோது, சோதிக்கப்படாமல் கிடந்த ஒரு வேதிப்பொருள் கண்ணில் பட்டது. லியோ ஸ்டெர்ன்பாக் குழு உருவாக்கி ஒதுக்கி வைத்திருந்த பொருள் அது. 1960-ல் அது லிப்ரியம் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 1963-ல் வேலியம் வந்தது. அதற்கு முன்பு இருந்த பார்பிட்யூரேட் மருந்துகள் அளவு மீறினால் மூச்சையே நிறுத்திவிடும். அதோடு ஒப்பிட்டால் இது பாதுகாப்பு. அடிமையாக்கும் சிக்கல் பின்னாடிதான் முழுசா புரிந்தது.

மூளைக்குள் என்ன நடக்குது?

மூளையின் பிரேக் 'காபா' என்ற வேதிப்பொருள். பென்சோடயசிபின் அந்த பிரேக்கை நேரடியாக மிதிக்காது. காபா மிதிக்கும்போது இன்னும் நன்றாகப் பிடிக்க உதவும். சிக்கல் என்னன்னா, காபா ஒட்டும் ஏற்பிகளில் பல வகை உண்டு. மாத்திரை அவற்றில் பலவற்றிலும் ஒரே மாதிரி ஒட்டிக்கொள்கிறது.

திருப்புமுனை தந்த எலிகள்

1999-ல் சூரிச் விஞ்ஞானிகள், எலிகளின் 'ஆல்ஃபா 1' ஏற்பியில் ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றினார்கள். அந்த எலிகளுக்கு டயசிபாம் கொடுத்தால் பதற்றம் குறைந்தது, மந்தம் வரவில்லை. அடுத்த ஆண்டு 'ஆல்ஃபா 2'வில் அதே மாற்றத்தைச் செய்தபோது, பதற்றத்தைக் குறைக்கும் பலன் போய்விட்டது. அதாவது, மந்தத்துக்கு ஒரு பூட்டு, நிம்மதிக்கு வேறொரு பூட்டு. இரண்டாவதை மட்டும் திறக்கும் சாவி செய்தால் போதுமே!

அப்புறம் ஏன் வரல?

மெர்க் நிறுவனம் முயன்றது. எம்ஆர்கே-409 என்ற மருந்து, விலங்குகளுக்கு மந்தம் தராமல் பதற்றத்தைக் குறைத்தது. மனிதர்களுக்குக் கொடுத்தால், குறைந்த அளவிலேயே தூக்கக் கலக்கம். ஆல்ஃபா 1-ல் அது லேசாக வேலை செய்ததே மனிதர்களுக்கு அதிகமாகிவிட்டது. ஆல்ஃபா 1-ஐத் தூண்டாத டிபிஏ-023, சிறிய ஆய்வுகளில் நம்பிக்கை தந்தது. ஆனால் விலங்குகளில் நடந்த நீண்டகாலச் சோதனையில் கண்புரை தெரிந்ததால் கைவிடப்பட்டது.

வேறு வழிகள்?

1986-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பஸ்பிரோன் மந்தமாக்காது, அடிமையாக்காது. ஆனால் பலன் தெரிய சில வாரங்கள் ஆகும். இப்போது முதலில் பரிந்துரைக்கப்படும் எஸ்எஸ்ஆர்ஐ மருந்துகளும் அப்படித்தான். அவற்றில் குமட்டல், பாலியல் நாட்டக் குறைவு போன்ற தொந்தரவுகளும் உண்டு.

சமீபத்தில் பேசப்படுவது, எல்எஸ்டியின் மருந்து வடிவமான எம்எம்-120. 2025-ல் வெளியான ஆய்வில், 100 மைக்ரோகிராம் ஒரே டோஸ் எடுத்தவர்களில் 48% பேருக்கு 12-வது வாரத்தில் பதற்றம் பெரும்பாலும் அடங்கியிருந்தது. போலி மருந்து எடுத்தவர்களில் இது 20%. ஆனால் அன்று பெரும்பாலானோருக்குக் கண்முன் காட்சிகள் மாறித் தெரிந்தன. கண்காணிப்பு கட்டாயம். அதோடு, 'எனக்கு நிஜ மருந்துதான்' என்று நோயாளியே கண்டுபிடித்துவிடலாம். அந்த நம்பிக்கையின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது கடினம்.

இப்போதைக்கு என்ன செய்யலாம்?

இந்தியாவில் அல்பிரசோலம், டயசிபாம் இரண்டும் 'ஷெட்யூல் எச்1' மருந்துகள். சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விற்றால் நோயாளி, டாக்டர் விவரங்களை மருந்துக்கடை பதிவு செய்து 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தார் என்று வாங்கிப் போடாதீர்கள். மதுவோடு சேர்த்தால் மூச்சு அடங்கும் ஆபத்து உண்டு.

ஏற்கெனவே எடுப்பவர்கள், இதைப் படித்துவிட்டு இன்றைக்கே நிறுத்திடாதீங்க. நீண்ட நாள் எடுத்ததைச் சட்டென்று விட்டால் வலிப்புகூட வரலாம். டாக்டரிடம் பேசி, அளவைப் படிப்படியாகக் குறைப்பதே பாதுகாப்பான வழி.