புறப்படுவதற்கு ஓராண்டு முன்பே

தொடர் – 11

1954 ஜனவரியில் நடந்த சாலை விபத்து ஒன்றில் டாக்டர் மேரி வர்கீஸின் முதுகுத்தண்டு நொறுங்கியது. கொச்சியில் பிறந்து, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்து, அங்கேயே பணிக்குச் சேர்ந்திருந்த இளம் மருத்துவர். இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் போய்விட்டன. அங்கே தொழுநோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்துவந்த டாக்டர் பால் பிராண்ட் கொடுத்த ஊக்கத்தில், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யக் கற்றுக்கொண்டார். இதுவரைக்கும் உள்ள கதை பலருக்குத் தெரியும். நான் சொல்ல வருவது அதற்குப் பிறகு நடந்ததை. அவர் மறுவாழ்வுப் பயிற்சிக்காக ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குப் போனார். பின்னர் நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க்கின் மறுவாழ்வு மருத்துவ நிலையத்தில் படித்தார். திரும்பி வந்து, 1963இல் வேலூரில் உடலியல் மருத்துவம் மற்றும் மறுவாழ்வுத் துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1966இல் அங்கே நோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972இல் பத்மஸ்ரீ.

அந்தக் காலத்தில் சாய்தளம் கேட்க எந்தச் சட்டமும் இல்லை. கூட இருந்தவர்கள் அக்கறை எடுத்து ஏற்பாடு செய்ததால் அந்தப் படிப்பு நடந்தது. அதன் பலனை முதுகுத்தண்டு அடிபட்ட எத்தனையோ பேர் இன்றும் வேலூரில் அனுபவிக்கிறார்கள். இன்று சட்டங்கள் இருக்கின்றன. ஆனாலும் நம் ஊரில் மாற்றுத்திறன் உள்ள ஒரு பெண்ணோ பையனோ வெளிநாட்டில் படிக்க வேண்டும் என்றால், வீட்டில் முதலில் எழும் குரல், “அங்கே போய்த் தனியா எப்படிச் சமாளிப்பே?” என்பதுதான். அந்தக் கவலை நியாயமானது. ஆனால் அதற்கு ஆம், இல்லை என்று ஒற்றைச் சொல்லில் பதில் கிடையாது. என்னென்ன தேவை, யாரிடம் கேட்க வேண்டும், செலவு யாருடையது, எப்போது கேட்க வேண்டும் என்று பிரித்துக் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் பதில் உண்டு. இந்த வாரம் அதைத்தான் பார்க்கப்போகிறோம்.

இப்படிப் பிரித்துக் கேட்பதையே தன் வாழ்நாள் வேலையாக ஆக்கிக்கொண்டவர் அமெரிக்காவின் சூசன் சைகல். கார் விபத்துக்குப் பின் சக்கர நாற்காலியைப் பயன்படுத்துபவர். பெர்க்லி கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் படித்தார். கழுத்துக்குக் கீழே செயலிழந்த எட் ராபர்ட்ஸ் 1962இல் சேர்ந்து, மாற்றுத்திறனாளிகள் இயக்கத்துக்கு வித்திட்ட அதே வளாகம். 1970களின் இறுதியில் ரோட்டரி உதவித்தொகையில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்துக்குப் போனார். மாணவர் பரிமாற்றத் திட்டங்களில் தன்னைப் போன்றவர்கள் அநேகமாக இல்லவே இல்லை என்பது அவரை உறுத்தியது. 1981இல் பார்பரா வில்லியம்ஸ் என்பவருடன் சேர்ந்து, ஆரிகன் மாநிலத்தின் யூஜின் நகரில் ‘மொபிலிட்டி இன்டர்நேஷனல் யுஎஸ்ஏ’ என்ற அமைப்பைத் தொடங்கினார். மாற்றுத்திறனாளிகளை நாடு விட்டு நாடு அழைத்துப்போவதும், மற்ற பரிமாற்றத் திட்டங்களுக்கு அதைச் செய்யக் கற்றுக்கொடுப்பதும் அதன் வேலை. 1997 முதல் உலகெங்கிலும் உள்ள மாற்றுத்திறன் பெண்களை வரவழைத்துத் தலைமைப் பயிற்சியும் கொடுத்தது.

இந்த அமைப்பு பிடிவாதமாக வலியுறுத்திய ஒன்று உண்டு: திட்டத்தின் வரவுசெலவுக் கணக்கைப் போடும்போதே மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிச் செலவுக்கு ஒரு வரி இருக்க வேண்டும். ஆள் வந்த பிறகு பணம் தேடினால் கிடைக்காது. “பணம் இல்லை” என்பது மெல்ல “நீங்கள் வர வேண்டாம்” என்று மாறிவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் திட்டம் இதைச் சரியாகச் செய்கிறது. மாற்றுத்திறன் காரணமாக வரும் கூடுதல் செலவை உண்மைச் செலவின் அடிப்படையில் தனியாகத் தருகிறது. நம் மாணவர்கள் நிறையப் பேர் விண்ணப்பிக்கும் எராஸ்மஸ் முண்டஸ் முதுகலைப் படிப்புகளிலும், உதவித்தொகைக்கு மேல் தனித்தேவைகளுக்கென்று ஒரு தொகை உண்டு. அதைக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும், கேட்காமல் வராது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். இங்கே எல்லாமே சதவீதக் கணக்கு. மாற்றுத்திறன் 40 சதவீதம் இருந்தால் சலுகை, குறைந்தால் இல்லை. யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் அந்த எண்தான் இருக்கும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் மாற்றுத்திறனாளிகள் சேவை அலுவலகத்துக்கு அந்த எண்ணால் பெரிய பயன் இல்லை. தொடர்ந்து எவ்வளவு நேரம் எழுத முடியும், எவ்வளவு தூரம் நடக்க முடியும், எந்த அளவு எழுத்தைப் படிக்க முடியும், தேர்வில் என்ன மாற்றம் வேண்டும் என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டும். நம் மருத்துவர்கள் பலருக்கு அப்படி அறிக்கை எழுதிப் பழக்கம் இல்லை. ஆகவே பல்கலைக்கழகத்தின் படிவத்தையே தரவிறக்கம் செய்து, சிறப்பு மருத்துவரிடம் கொண்டுபோய், ஒவ்வொரு கேள்விக்கும் பதில் எழுதி வாங்குங்கள். ஐஇஎல்டிஎஸ், டோஃபல், ஜிஆர்இ தேர்வுகளுக்கும் இதே அறிக்கை உதவும். கூடுதல் நேரம், பிரெயில் தாள், திரைவாசிப்பான் எல்லாம் உண்டு. ஆனால் அனுமதிக்கு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். தேர்வுத் தேதியை முடிவு செய்துவிட்டு வசதி கேட்கக் கூடாது. வசதிக்கு அனுமதி வாங்கிவிட்டுத் தேதியைப் பார்க்க வேண்டும்.

அறிக்கையைவிடக் கடினமான தயாரிப்பு ஒன்று இருக்கிறது. நம் வீடுகளில் மாற்றுத்திறன் உள்ள பிள்ளைக்காகப் பேசுவது பெரும்பாலும் அம்மா. பள்ளியில் அம்மா, மருத்துவமனையில் அம்மா, கல்லூரி முதல்வர் அறையிலும் அம்மா. அது அன்பினால் வருவது. அந்த அம்மாக்களின் உழைப்புக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் சேவை அலுவலகம் மாணவரோடு மட்டும்தான் பேசும். மாணவரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் பெற்றோரிடம் எதையும் சொல்லாது. “எனக்கு இது தேவை, இந்தக் காரணத்துக்காக” என்று அந்நிய மொழியில், அறிமுகமில்லாத ஒருவரிடம், கூச்சமில்லாமல் சொல்லத் தெரியாத பிள்ளை அங்கே தவித்துப்போகும். இதற்கு எந்தப் பயிற்சி நிலையமும் வேண்டாம். கிளம்புவதற்கு முந்தைய ஓராண்டு முழுக்க அம்மா பக்கத்தில் இருந்துகொண்டு வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். பிள்ளை தன் தேவையை நடத்துநரிடம், பேராசிரியரிடம், மருத்துவரிடம் தானே சொல்லட்டும். தடுமாறட்டும்.

இதோடு சேர்ந்து வரும் பயம்: “சொன்னால் சீட் கிடைக்காமல் போய்விடுமோ?” அமெரிக்காவில் சேர்க்கைக்கு முன் மாற்றுத்திறன் உண்டா என்று பல்கலைக்கழகம் கேட்கக் கூடாது, 1973ஆம் ஆண்டு மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவின்படி அமைந்த விதி அது. இடம் உறுதியான கையோடு சேவை அலுவலகத்துக்கு எழுதிவிட வேண்டும். வகுப்பு தொடங்கும்வரை மறைப்பது நமக்கே கேடு. ஆஸ்திரேலியா கொஞ்சம் வேறு மாதிரி. அங்கே 1992ஆம் ஆண்டின் பாகுபாட்டுத் தடைச் சட்டம் பல்கலைக்கழகத்தைக் கட்டுப்படுத்துகிறது; ஆனால் குடியேற்றச் சட்டத்துக்கு அதிலிருந்து விலக்கு. விசாவுக்கான மருத்துவப் பரிசோதனையில், அந்த நாட்டு மருத்துவச் செலவுக்குச் சுமையாவாரா என்று கணக்குப் பார்க்கிறார்கள். எனக்கு இது அநீதியாகவே படுகிறது. ஆனாலும் கட்டணம் கட்டுவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

செலவு விஷயத்தில் பலர் இடறுவது உதவியாளர் ஏற்பாட்டில்தான். சைகைமொழி பெயர்ப்பாளர், பேச்சை உடனுக்குடன் எழுத்தாக்கும் சேவை, பிரெயில் அல்லது மின்வடிவப் பாடநூல், எல்லாம் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் செலவு; வெளிநாட்டு மாணவருக்கும் அது உரிமை. பிரிட்டனில் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் பல்கலைக்கழகத்தை அப்படியே கட்டுப்படுத்துகிறது. ஆனால் உள்ளூர் மாணவர்களுக்கு அரசு தரும் மாற்றுத்திறன் மாணவர் படி வெளிநாட்டு மாணவருக்குக் கிடையாது. குளிக்க, உடுத்த, படுக்கையிலிருந்து எழ உதவும் ஆளுக்கான கூலியோ அமெரிக்காவில் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் வராது. “அம்மா கூட வந்துவிடுவாள்” என்று நினைப்போம். அமெரிக்காவில் மாணவரோடு தங்கும் சார்பு விசா கணவன் அல்லது மனைவிக்கும் 21 வயதுக்குட்பட்ட, மணமாகாத குழந்தைகளுக்கும் மட்டுமே. அம்மா சுற்றுலா விசாவில் சில மாதம் இருக்கலாம், அவ்வளவுதான். எனவே எந்த உதவித்தொகைக்கு விண்ணப்பித்தாலும் உதவியாளர் செலவு அதில் அடங்குமா என்று முதல் கடிதத்திலேயே கேளுங்கள். நம் ஒன்றிய அரசு மாற்றுத்திறன் மாணவர்களுக்கென வழங்கும் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை ஆண்டுக்கு 20 பேருக்கு. அதில் 6 இடம் பெண்களுக்கு. இவ்வளவு பெரிய நாட்டுக்கு இது போதவே போதாது. இருந்தாலும் இருப்பதற்கு விண்ணப்பிக்காமல் விடக் கூடாது.

பார்வையற்றவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. எளிதில் படிக்கும் வடிவிலான புத்தகங்கள் நாடு விட்டு நாடு செல்ல வழிசெய்யும் மராகேஷ் உடன்படிக்கையை உலகிலேயே முதலில், 2014இல், உறுதிசெய்த நாடு இந்தியா. ஆனால் அங்கே பருவம் தொடங்கிய பின் நூல் கேட்டால், கைக்கு வரும்போது பாதிப் பாடம் முடிந்திருக்கும். சேர்க்கை உறுதியானதும் பாடநூல் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். சாலையின் வலப்பக்கம் வண்டி ஓடும் ஊரில் வெண்கோலோடு நடக்கும் பயிற்சி வேறு. வகுப்புக்கு முன்பே போய் அதைப் பழக வேண்டும். செவித்திறன் இல்லாதவர்களுக்கு வாஷிங்டனின் கேலடெட் பல்கலைக்கழகம் 1864 முதல் இருக்கிறது. நம் சைகைமொழி வேறு, அமெரிக்கச் சைகைமொழி வேறு. எழுத்துகளைக் காட்ட நாம் இரு கை பயன்படுத்துகிறோம், அவர்கள் ஒரு கை. அதை இங்கிருந்தே கற்கத் தொடங்கலாம்.

சின்ன விஷயங்களும் கவிழ்த்துவிடும். நம் மின்சாரம் 230 வோல்ட், அமெரிக்காவில் 120, ஜப்பானில் 100. மின் சக்கர நாற்காலியின் சார்ஜர் போகும் நாட்டின் மின்சாரத்தையும் ஏற்குமா என்று பாருங்கள். இங்கே வலிக்குச் சாதாரணமாக எழுதிக்கொடுக்கும் டிரமடால் மாத்திரையை ஐக்கிய அரபு அமீரகத்துக்குக் கொண்டுபோக முன் அனுமதி தேவை. உடல்நிலை காரணமாகப் பாடச்சுமையைக் குறைக்க அமெரிக்க மாணவர் விசாவில் வழி உண்டு, மொத்தம் 12 மாதம்வரை. ஆனால் மருத்துவரின் கடிதத்தோடு பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலரிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும். தானாகப் பாடத்தைக் கைவிட்டால் விசாவே போய்விடும்.

விண்ணப்பிக்க நினைக்கும் பல்கலைக்கழகங்களில் மூன்றைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் மாற்றுத்திறனாளிகள் சேவை அலுவலகத்துக்கு மாணவரே ஒரு மின்னஞ்சல் எழுதட்டும். விடுதி அறையின் கதவு எத்தனை அகலம், குளியலறையில் கைப்பிடி உண்டா, குளிர்காலத்தில் பனியை யார் எப்போது அகற்றுகிறார்கள், ஏற்கெனவே இப்படிப் படித்த மாணவர் ஒருவரோடு பேச முடியுமா என்று கேட்கட்டும். அளவு எடுத்துப் பதில் எழுதும் இடத்தை நம்பலாம். “எங்கள் வளாகம் அனைவருக்கும் ஏற்றது” என்று ஒரே வரியில் முடிக்கும் இடத்தை இன்னொரு முறை விசாரிக்க வேண்டும். அடுத்த ஆண்டு சேர நினைப்பவர்கள் அந்த மின்னஞ்சலை இந்த வாரமே எழுதிவிடுங்கள்.

(அடுத்த வாரம்: விமானமும் சக்கர நாற்காலியும்)