பெட்டி தூங்கினால் பணம் பறக்கும்!
துறைமுகத்தில் ஓடும் 2 கடிகாரங்கள்

அமெரிக்காவின் மேற்குக் கரையில் லாஸ் ஏஞ்சல்ஸ், லாங் பீச் என்று 2 துறைமுகங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஆசிய நாடுகளில் இருந்து போகும் சட்டை, செருப்பு, நாற்காலி எல்லாம் பெரிய இரும்புப் பெட்டிகளில் அங்கே வந்து இறங்குகின்றன. இந்தப் பெட்டிக்குக் 'கன்டெய்னர்' என்று பெயர்.

1956-ம் ஆண்டு ஏப்ரல் 26-ந் தேதி, மால்கம் மெக்லீன் என்ற லாரி முதலாளி 58 பெட்டிகளைக் கப்பலில் ஏற்றி அனுப்பினார். கன்டெய்னர் காலம் அன்றுதான் பிறந்தது!

இலவச நாள்

இறங்கிய பெட்டி சில நாட்கள் துறைமுகத்தில் வாடகை இல்லாமல் இருக்கலாம். கெடு தாண்டினால் தினமும் கட்டணம். இதற்கு 'டெமரேஜ்' என்று பெயர். ரயில் யார்டிலும் இதே கதைதான்.

பெட்டியை வெளியே எடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்ததா? இல்லை! இரண்டாவது கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. பெட்டி கப்பல் கம்பெனிக்குச் சொந்தமானது. சரக்கை இறக்கிவிட்டு, காலிப் பெட்டியைக் குறித்த நாளுக்குள் திருப்பிக் கொடுக்கவேண்டும். தவறினால் 'டிடென்ஷன்' கட்டணம்!

பிரம்பைக் காட்டினார்கள்

2021-ல் இந்த 2 துறைமுகங்களிலும் பெட்டிகள் மலைபோல் குவிந்தன. கப்பல்கள் கடலில் காத்துக் கிடந்தன. அக்டோபர் 25-ந் தேதி ஓர் அறிவிப்பு வந்தது. லாரியில் போகவேண்டிய பெட்டி 9 நாள் தங்கிவிட்டால் கப்பல் கம்பெனிக்கு 100 டாலர் அபராதம். அடுத்த நாள் 200, அதற்கு அடுத்த நாள் 300! ஐந்தே நாளில் மொத்தம் 1,500 டாலர்!

அறிவிப்புக்குப் பிறகு தேங்கிய பெட்டிகள் குறைந்தன. அபராதம் ஒரு நாள்கூட வசூலிக்கப்படவில்லை. 2023 ஜனவரியில் அதைக் கைவிட்டார்கள். பிரம்பைக் காட்டினார்கள், அடிக்கவில்லை!

எதை முதலில் எடுப்பது?

ஒரு சிறு வியாபாரிக்கு 3 பெட்டிகள் வந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். லாரியோ ஒன்றுதான். ஒரு பெட்டிக்குக் கெடு நாளை. மற்றவற்றுக்கு இன்னும் 2 நாள், 4 நாள். விலை உயர்ந்த சரக்கை முதலில் எடுக்கத்தான் மனம் சொல்லும். ஆனால் கெட்டிக்காரர் கெடு நெருங்கிய பெட்டியைத்தான் முதலில் எடுப்பார்.

கப்பல் வரும் முன்பே சுங்கக் காகிதங்களைத் தயார் செய்வார். லாரி உள்ளே போக நேரம் பதிவு செய்வார். விடுமுறை நாளும் கணக்கில் சேருமா என்று கேட்டுக்கொள்வார். கிடங்கில் இடம் இருக்கிறதா என்றும் பார்ப்பார். இடம் இல்லாமல் பெட்டியை எடுத்தால், டெமரேஜுக்குத் தப்பி டிடென்ஷனில் மாட்டவேண்டியதுதான்!

பில்லைப் படியுங்கள்

அநியாய பில்லுக்கும் அங்கே கடிவாளம் போட்டிருக்கிறார்கள். 2024 மே 28 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, கட்டணம் நின்ற நாளில் இருந்து 30 நாளுக்குள் கப்பல் கம்பெனி பில் அனுப்பவேண்டும். தவறினால் பணம் கட்டவேண்டியது இல்லை. பில்லில் தவறு இருந்தால், ஆட்சேபிக்க வியாபாரிக்கும் குறைந்தது 30 நாள் உண்டு.

நாலு காசு லாபத்துக்குச் சரக்கு வாங்குகிறவர் சிறு வியாபாரி. அந்த நாலு காசைப் பெட்டியின் வாடகை தின்றுவிடக் கூடாது அல்லவா? காலண்டரில் கெடு நாளைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு வைப்பதற்குச் செலவே இல்லை!