நெஞ்சில் சீழ் கட்டினால் குழாய் எதற்கு?

குழுக் கூட்டங்களுக்குப் போகும்போது, "நெஞ்சுல டியூப் போட்டா பிள்ளை பிழைக்காதாமே?" என்று சகோதரிகள் எங்களிடம் கேட்பதுண்டு. அந்தப் பயத்தில் பிள்ளையைப் பாதியிலேயே வீட்டுக்குத் தூக்கி வந்துவிடுபவர்களும் உண்டு. அதனால் இந்த இதழில் இதைப் பற்றிப் பேசுவோம்.

நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய சவ்வுகள் உள்ளன. நிமோனியா முற்றினால் சிலருக்கு அந்தச் சவ்வுகளின் நடுவே நீர் கோர்த்து, அதில் கிருமி பெருகிச் சீழாகும். நுரையீரல் விரிய இடமில்லாமல் மூச்சு வாங்கும்.

1917-18இல் அமெரிக்க ராணுவ முகாம்களில் தட்டம்மைக்குப் பின் நிமோனியா வந்து, பல வீரர்களுக்கு நெஞ்சில் சீழ் கட்டியது. டாக்டர்கள் உடனே நெஞ்சைத் திறந்து சீழை எடுத்தார்கள். அப்படியும் 100 பேரில் சுமார் 30 பேர் இறந்தார்கள். காரணம் கண்டறிய 1918இல் ஒரு மருத்துவக் குழு அமைக்கப்பட்டது. அதிலிருந்த டாக்டர் எவார்ட்ஸ் கிரஹாம் நாய்களை வைத்து ஆராய்ச்சி செய்தார். ஒரு பக்கம் திறந்தாலே வெளிக்காற்று உள்ளே புகுந்து இரண்டு நுரையீரலையும் அமுக்குகிறது என்று தெரிந்தது. நிமோனியாவில் தவிப்பவர் அதை எப்படித் தாங்குவார்? "சீழை எடுங்கள், ஆனால் காற்றை உள்ளே விடாதீர்கள்" என்பதுதான் அந்தக் குழு தந்த பாடம். அதன்படி செய்ததும் சாவு 100க்கு 10க்கும் கீழே இறங்கியது.

குழாயின் மறுமுனை பாட்டில் தண்ணீரில் மூழ்கியிருப்பது இதற்குத்தான். சீழ் வெளியே வரும். காற்று உள்ளே போகாது. ஆகவே பாட்டிலை நெஞ்சு மட்டத்துக்கு மேல் தூக்காதீர்கள். டாக்டர் சொல்லாமல் குழாயைக் கழற்றச் சொல்லாதீர்கள்.

1990களில் முயல்களில் செய்த ஆராய்ச்சி இன்னொன்றையும் காட்டியது. குழாயைச் சீக்கிரம் வைத்தால் நல்ல குணம் தெரிகிறது. நாள் போனால் சீழ் கெட்டியாகி, ஆபரேஷன் வரைக்கும் போகலாம்.

நாம் கவனிக்க வேண்டியவை:

* பிள்ளை வேகமாக மூச்சு விட்டாலோ, மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.
* நிமோனியாவுக்கு மருந்து கொடுத்து இரண்டு நாளாகியும் காய்ச்சல் விடவில்லையா? திரும்பவும் டாக்டரிடம் காட்டுங்கள்.
* காய்ச்சல் விட்டாலும் மருந்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள்.
* நிமோனியா தடுப்பூசி அரசு சுகாதார நிலையங்களில் இலவசம். ஒன்றரை மாதம், மூன்றரை மாதம், ஒன்பதாம் மாதம் என மூன்று தவணையும் போடுங்கள்.

அடுத்த கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டுங்கள். குழாயைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்; தாமதத்துக்குத்தான் நாம் பயப்பட வேண்டும்.